ஒரு கணக்கும் ஒரு கடனும்

(கணித ஆசிரியை, மேல்நிலைப் பிரிவு)

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், டீச்சர்" என்று மலர்ப் பொறுப்பிலுள்ள சகோதரி ஒவ்வோர் ஆண்டும் என்னைக் கேட்பார்கள். "கணக்கு டீச்சருக்குக் கட்டுரை எதற்கு, சிஸ்டர்? விடைத்தாள் திருத்தவே சிவப்பு மை போதவில்லை" என்று ஒவ்வோர் ஆண்டும் நான் தப்பித்துக்கொள்வேன். இந்த ஆண்டு நானே அவர்கள் அறைக்குப் போய், "எனக்கு நான்கு பக்கம் வேண்டும்" என்றேன். சகோதரி மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கி என்னைப் பார்த்தார்கள்.

"என்ன விஷயம்?"

"ஒரு கடன் இருக்கிறது, சிஸ்டர். அடைக்க வேண்டும்."

அந்தக் கடன் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதத்தில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். ஒன்றிலிருந்து எக்ஸின் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்துத் தொகையிடுக என்பது முதற் கணக்கு. சூத்திரம் தெரிந்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். கரும்பலகையில் நான் எழுதிய 2 கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவிக்கு 5 போலத் தெரிந்திருக்கிறது. எக்ஸின் வர்க்கத்துக்குப் பதில் எக்ஸின் ஐந்தாம் படி என்று எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் ஐந்தாவது கணக்குக்குப் போய்விட்ட நேரத்திலும் அவள் முதற் கணக்கிலேயே நின்றாள். சைன் என்று பிரதியிட்டுப் பார்த்தாள், பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தாள், தலைகீழாக்கிப் பார்த்தாள். நான்கு தாள்கள் நிறைந்தன. விடை மட்டும் வரவில்லை.

மாலை மணி அடித்தபின் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். என் முன்னால் நாற்பத்தெட்டு விடைத்தாள்கள்.

"டீச்சர், இந்தக் கணக்குக்கு விடை வருமா?"

வாங்கிப் பார்த்தேன். "கணக்கையே தப்பாக எழுதியிருக்கிறாயேம்மா! இது வராது" என்றேன்.

அவள் நகரவில்லை. "வராதுன்னா, பரீட்சைக்கு வராதா, டீச்சர்? இல்லே, விடையே வராதா?"

நல்ல கேள்வி. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளுள் அது ஒன்று. நான் சொன்ன பதில் இது: "இரண்டும்தான் வராது. போய்ப் பாடத்தில் இருக்கிறதைப் படி."

போனாள். அதன்பின் அவள் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொதுத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணே பெற்றாள். கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவளுடைய அம்மா போகிற போக்கில் சொன்னார்கள்: "கணக்குதான் எடுக்கணும்னு ஆசைப்பட்டா, டீச்சர். அப்புறம் என்னவோ, நமக்கு வராதுன்னு விட்டுட்டா."

வணிகவியல் தாழ்ந்த படிப்பு அன்று. விரும்பி எடுத்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் "வராது" என்ற அந்தச் சொல் என்னுடையது. சென்ற மே விடுமுறையில் பீரோவை ஒழித்தபோது அந்த நான்கு தாள்களும் கையில் அகப்பட்டன. மேலே சிவப்பு மையில் ஒரு சுழியம். பக்கத்தில், "கணக்கைப் பார்த்து எழுது" என்று என் கையெழுத்து. அன்றிரவு எம்.எஸ்ஸி. படித்த காலத்துப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தேன். விடுமுறை முழுவதும் படித்தேன். அவள் தவறாக எழுதிய அந்தக் கணக்குக்கு ஒரு பெயரே இருக்கிறது. அதற்குப் பின்னால் பெரிய வரலாறும் இருக்கிறது.

அதன் பெயர் ஹைப்பர் எலிப்டிக் தொகையீடு. தமிழில் மீநீள்வட்டத் தொகையீடு எனலாம். வர்க்கமூலத்துக்குள் எக்ஸின் வர்க்கம் இருந்தால் அது வட்டத்தின் வில்லை அளக்கும் கணக்கு. மூன்றாம் படியோ நான்காம் படியோ இருந்தால் நீள்வட்டத் தொகையீடு. நீள்வட்டத்தின் வில்லை அளக்கப் புறப்பட்டபோது அது எதிர்ப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. ஊஞ்சல் பெரிய வீச்சில் ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாலும் அதே தொகையீடுதான் வரும். ஐந்தாம் படியும் அதற்கு மேலும் போனால், நீள்வட்டத்தையும் மீறியது; ஆகவே "மீ". மூலங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

விடை வருமா என்றாளே, வரும். பூச்சியத்திலிருந்து ஒன்று வரைக்கும் அந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பு திட்டமான ஓர் எண், ஏறத்தாழ 1.254. ஆனால் சைன், மடக்கை, அடுக்கு என்று நம் பாடப் புத்தகத்தில் உள்ள சார்புகளை எப்படிக் கோத்தாலும் அந்தத் தொகையீட்டுக்கு ஒரு சூத்திரம் எழுத முடியாது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை. விடை இருக்கிறது; அதை எழுதும் எழுத்துதான் நம்மிடம் இல்லை. எழுத்து இல்லையென்றால் புதிதாக உண்டாக்க வேண்டியதுதானே? அப்படித்தான் செய்தார்கள்.

எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். கணக்கென்றால் பயப்படும் கீழ்வகுப்புத் தங்கைகளுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

முதற்படி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. "இந்த இடம் வரைக்கும் வந்தால் வில்லின் நீளம் எவ்வளவு?" என்பது தொகையீட்டின் கேள்வி. "இவ்வளவு நீளம் நடந்தால் எந்த இடத்துக்கு வருவேன்?" என்பது நேர்மாறான கேள்வி. வட்டத்தில் இப்படித் திருப்பிப் போட்டால் நமக்குப் பழக்கமான சைன் கிடைக்கிறது. சைன் 2π தூரத்துக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே வந்து சேரும். நீள்வட்டத் தொகையீட்டையும் அவ்வாறே திருப்பிப் போட வேண்டும் என்பதை 1827-ஆம் ஆண்டு வாக்கில் நார்வே நாட்டு ஆபெல், ஜெர்மானியர் யாக்கோபி ஆகிய இரண்டு இளைஞர்கள் காட்டினார்கள். ஆபெல் காசநோயால் 1829-இல் இறந்தபோது அவருக்கு வயது 26.

இரண்டாம் படி, எண்கோட்டை விட்டு இறங்கிக் கலப்பெண் தளத்தில் நடப்பது. கோட்டில் முன்னும் பின்னும்தான் போகலாம். தளத்தில் எந்தத் திசையிலும் போகலாம், ஒரு புள்ளியைச் சுற்றியும் வரலாம். அங்கே பார்த்தால், ஆபெலும் யாக்கோபியும் கண்ட சார்பு ஓர் இடைவெளியில் அன்று, வெவ்வேறு திசைகளில் இரண்டு இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வாசலில் நாம் வைக்கும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஒரு புள்ளி நகர்ந்தாலும் மேலே ஒரு புள்ளி நகர்ந்தாலும் கோலம் அதேதான்.

இது ஏன் என்பதை ரீமான் என்னும் மேதை ஒரு வடிவத்தால் விளக்கினார். வர்க்கமூலத்துக்குக் கூட்டல், கழித்தல் என்று இரண்டு மதிப்புகள் உண்டல்லவா? ஆகவே தளத்தை இரண்டு தாள்களாக எடுத்து, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டினார். நீள்வட்டக் கணக்கில் அப்படி ஒட்டிக் கிடைப்பது நடுவில் ஓர் ஓட்டையுள்ள உளுந்து வடை. வடையைச் சுற்றி இரண்டு விதமாக நூல் கட்டலாம்: ஓட்டையைச் சுற்றி ஒன்று, ஓட்டைக்குள் நுழைத்து ஒன்று. இரண்டு சுற்று, இரண்டு இடைவெளி. ஐந்தாம் படி அல்லது ஆறாம் படிக் கணக்கில் கிடைப்பது எண்ணெய்ச் சட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு வடைகள். ஓட்டைகள் இரண்டு; ஆகவே நூல் கட்டும் விதங்கள் நான்கு; இடைவெளிகளும் நான்கு.

இங்கேதான் சங்கடம். தளத்தில் நான்கு இடைவெளிகளுக்கு இடம் இல்லை! பாண்டி ஆடுவதுபோல் ஒரு நேர்கோட்டில் தாவுங்கள். 1 அடித் தாவல், √2 அடித் தாவல் என்ற இரண்டுக்கு மட்டுமே அனுமதி. √2 அடியில் ஐந்து முறை முன்னே தாவி, 1 அடியில் ஏழு முறை பின்னே தாவினால், புறப்பட்ட இடத்திலிருந்து 0.07 அடியில் வந்து நிற்பீர்கள். முன்னே 29, பின்னே 41 என்றால் 0.012 அடி. இன்னும் நெருங்க வேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. கோட்டில் இரண்டு தாவல்கள் படுத்தும் பாட்டைத் தளத்தில் நான்கு தாவல்கள் படுத்தும். கோலப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி, இடைவெளியே இல்லாமல் போய்விடும். ஒரே மாறியில் இரண்டுக்கு மேல் இடைவெளிகள் இருந்தால் உருப்படியான சார்பு கிடையாது என்று யாக்கோபி நிறுவினார். அதாவது, கேள்வியைத் திருப்பிப் போடும் வழி ஐந்தாம் படியில் அடைபட்டுவிட்டது. என் மாணவியின் நான்கு தாள்களும் முட்டி நின்ற சுவர் இதுதான்.

யாக்கோபி அங்கே "வராது" என்று சொல்லி எழுந்து போகவில்லை. அதே ஆராய்ச்சியில் வழியும் சொன்னார். ஒரு தொகையீடு தனியாகத் திரும்பாதென்றால், இரண்டைச் சேர்த்துத் திருப்புங்கள் என்றார். ஓர் இடத்துக்குப் பதில் இரண்டு இடங்கள். இரண்டு இடங்கள் வரைக்குமான தொகையீடுகளைக் கூட்டி ஒரு சமன்பாடு. மேலே எக்ஸால் பெருக்கிய தொகையீடுகளைக் கூட்டி இன்னொரு சமன்பாடு. இப்போது மாறிகள் இரண்டு. இரண்டு கலப்பெண்கள் சேர்ந்தால் மொத்தம் நான்கு திசைகள். நான்கு இடைவெளிகளும் நெருக்கடியின்றி உட்கார்ந்துகொள்கின்றன. விடை எப்படி வருகிறது தெரியுமா? முதல் இடம் இது, இரண்டாம் இடம் அது என்று பிரித்து வருவதில்லை. இரண்டின் கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும்தான் தெளிவாக வரும். மூலங்களின் கூடுதலும் பெருக்கலும் தெரிந்தால் இருபடிச் சமன்பாட்டை அமைக்கலாம் என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோமே, அதே பாடம்தான்.

இதைப் படித்த இரவு நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தனியே திறக்காதது இரண்டாகச் சேர்ந்தால் திறக்கிறது. அன்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நானும் உட்கார்ந்திருக்கலாமே! எனக்கும் விடை தெரியாது என்பதாவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

யாக்கோபி வழி காட்டினார்; ஆனால் நடந்து முடிக்க வேறு ஆட்கள் வேண்டியிருந்தது. ஐந்து, ஆறு படிகளுக்கு கோப்பெல், ரோசன்ஹைன் என்ற இருவர் செய்து முடித்தார்கள். படி எவ்வளவாயினும் செல்லும் பொதுவழியைக் கண்டவர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ். நம் பள்ளிக்கு மிகவும் பிடிக்கக்கூடிய செய்தி இங்கேதான் வருகிறது.

வையர்ஸ்ட்ராஸ் 1815-இல் பிறந்தவர். தந்தையின் விருப்பப்படி சட்டமும் நிதித்துறையும் படிக்கப் போய், நான்கு ஆண்டுகளுக்குப்பின் பட்டமின்றித் திரும்பினார். பிறகு பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். கணக்கோடு தாவரவியல், உடற்பயிற்சி, அழகாக எழுதும் கையெழுத்துப் பயிற்சி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஏறத்தாழ 14 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. கடைசி ஆண்டுகளில் அவர் பணிபுரிந்தது பிரவுன்ஸ்பெர்க் என்ற சிற்றூரின் கத்தோலிக்கப் பள்ளியில். கர்தினால் ஹோசியுஸ் 1565-இல் நிறுவிய கல்லூரியின் வழிவந்த பள்ளி அது. அன்று பிரஷ்யாவில் இருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் பிரானியேவோ என்ற பெயரில் இருக்கிறது. ஒருநாள் காலை அவர் வகுப்பில் ஒரே கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியர் வீட்டுக்குத் தேடிப் போனாராம். சன்னல் திரைகளை மூடிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் வையர்ஸ்ட்ராஸ் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். பொழுது விடிந்ததே அவருக்குத் தெரியவில்லை என்று சொல்வார்கள்.

அந்தப் பள்ளியின் 1848–49-ஆம் கல்வியாண்டு ஆண்டறிக்கையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆபெலின் தொகையீடுகளைப் பற்றியது. மீநீள்வட்டத் தொகையீடுகளைப் பற்றி அவர் கண்டது முதன்முதலில் அச்சேறியது எந்தப் பெரிய ஆராய்ச்சி ஏட்டிலும் அன்று. ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் ஆண்டறிக்கையில்! கணித உலகில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஐந்தாண்டு கழித்து 1854-இல் ஓர் ஆராய்ச்சி ஏட்டில் விரித்து எழுதியபோது ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. 1856-இல் பெர்லின் அவரை அழைத்துக்கொண்டது. இதைப் படித்த பிறகுதான் எனக்குச் சகோதரியிடம் போய் நான்கு பக்கம் கேட்கும் துணிவு வந்தது.

பெர்லினில் 1870-ஆம் ஆண்டு ஓர் இருபது வயதுப் பெண் அவரைத் தேடி வந்தாள். பெயர் சோஃபியா கோவலேவ்ஸ்கயா. ரஷ்யப் பீரங்கிப் படைத் தளபதியின் மகள். சிறுமியாக இருந்தபோது பலிபினோ என்ற ஊரிலிருந்த அவர்கள் மாளிகையில் சுவர்களுக்குத் தாள் ஒட்டினார்கள். குழந்தைகள் அறைக்கு வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. அப்பா இளமையில் வாங்கி வைத்திருந்த நுண்கணித விரிவுரைத் தாள்களை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெண் மணிக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் புரியாது, ஆனால் குறிகள் மனத்தில் பதிந்தன. பின்னர் ஆசிரியர் நுண்கணிதம் தொடங்கியபோது, முன்பே தெரிந்தவள்போல் பிடித்துக்கொண்டாள்.

அக்காலத்து ரஷ்யாவில் பெண்கள் பல்கலைக்கழகம் போக முடியாது. குடும்பத்தின் அனுமதியின்றி வெளிநாடும் போக முடியாது. படிப்பதற்காகவே 1868-இல் பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டு புறப்பட்டாள். பெர்லின் பல்கலைக்கழகமும் பெண் என்று கதவை அடைத்தது. வையர்ஸ்ட்ராஸ் பரிந்து பேசியும் பயனில்லை. அவர் சில கடினமான கணக்குகளைக் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் விடைகளோடு வந்து நின்றாள். "சரி, பல்கலைக்கழகம் வேண்டாம், வீட்டுக்கு வா" என்பதுபோல அவர் நான்கு ஆண்டுகள் தனியே கற்பித்தார். ஞாயிறு பிற்பகல்களில் அவள் அவர் வீட்டுக்குப் போவாள்; வாரத்தில் இன்னொரு நாள் அவர் இவள் தங்கியிருந்த இடத்துக்கு வருவார். 1874-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவளுக்கு முனைவர் பட்டம் வழங்கியது. நவீன காலத்தில் கணிதத்தில் அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவர். (பட்டம் பெற்றுவிட்டார், இனி "அவர்" என்றே சொல்வோம்.)

பட்டம் கிடைத்தும் பல ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. 1878-இல் ஒரு மகள் பிறந்தாள். 1883-இல் கணவர் இறந்தார். அந்தத் துயரத்தோடுதான் ஸ்டாக்ஹோம் நகரில் ஆசிரியப் பணியை ஏற்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பம்பரத்தைப் பற்றியது.

பம்பரம் ஆணியில் நின்று சுழல்கிறது. அது எப்படிச் சாயும், எப்படி நிமிரும் என்பதை ஆறு வகைக்கெழுச் சமன்பாடுகள் சொல்கின்றன. எழுதுவது எளிது, தீர்ப்பதுதான் அரிது. ஆய்லர் ஒரு வகைப் பம்பரத்துக்குத் தீர்த்தார். அதன் ஈர்ப்பு மையத்திலேயே ஆணி இருக்கும். லாக்ரான்ஜ் இன்னொரு வகைக்குத் தீர்த்தார். அது நாம் விளையாடும் பம்பரம்போல் ஈர்ப்பு மையம் அச்சின்மேல் உள்ளது. இரண்டுக்கும் நீள்வட்டத் தொகையீடுகளே போதும். அதற்கு மேல் யாராலும் நகர முடியவில்லை.

சோஃபியா வேறொரு கேள்வி கேட்டார். காலத்தையே கலப்பெண்ணாக எடுத்துக்கொண்டால் என்ன? கடிகாரத்தில் ஓடும் காலம் ஒரு கோடு. அதை ஒரு தளமாக விரித்துப் பார்த்தால், தீர்வுகள் சில இடங்களில் எல்லையின்றிப் பெருகும். அந்த இடங்கள் எல்லாமே துருவங்கள் என்னும் எளிய வகையாக மட்டும் இருக்க வேண்டுமானால் பம்பரம் எப்படி அமைய வேண்டும்? கணக்கிட்டுப் பார்த்ததில் ஆய்லரின் பம்பரமும் லாக்ரான்ஜின் பம்பரமும் வந்தன. கூடவே, யாரும் எதிர்பாராத மூன்றாவது ஒன்றும் வந்தது. இரண்டு நிலைமத் திருப்புத்திறன்கள் சமம்; அவை மூன்றாவதைப்போல் இரண்டு மடங்கு; ஈர்ப்பு மையம் அச்சின்மேல் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். பார்த்தால் கோணல் பம்பரம். ஆனால் தீர்க்கக்கூடிய பம்பரம்.

அதைத் தீர்க்கப் புகுந்தபோது அவர் முன் வந்து நின்றது எது தெரியுமா? வர்க்கமூலத்துக்குள் ஐந்தாம் படிக் கோவை! ஒன்றல்ல, இரண்டு அளவுகள்; யாக்கோபி சொன்ன அதே இரண்டு சமன்பாடுகள். முதற் கூட்டுத்தொகை மாறாமல் நிற்கிறது. இரண்டாம் கூட்டுத்தொகை காலத்தோடு சீராக ஏறுகிறது. இவற்றைத் திருப்பிப் போடும் கலையை அவர் யாரிடம் கற்றிருந்தார் என்று உங்களுக்குத் தெரியும்.

பாரிஸ் அறிவியற் கழகத்தின் போர்தென் பரிசுக்கு அதை அனுப்பினார். போட்டியில் பெயர் எழுதக்கூடாது. ஒரு பொன்மொழியை மட்டும் எழுதி, பெயரை உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். தெரிந்ததைச் சொல், செய்ய வேண்டியதைச் செய், வருவது வரட்டும் என்ற பொருளில் அவர் ஒரு வாசகம் எழுதினார். 1888 டிசம்பரில் பரிசு அவருக்கே கிடைத்தது. கட்டுரையின் சிறப்பைக் கண்டு 3,000 பிராங்குப் பரிசை 5,000 ஆக உயர்த்திக் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் முழுப் பேராசிரியரானார். 1891 பிப்ரவரியில் நுரையீரல் அழற்சியால் இறந்தபோது அவருக்கு வயது 41 தான்.

அந்தத் தொகையீடு அவரோடு முடிந்துவிடவில்லை. 1834-இல் ஸ்காட்லாந்துக் கால்வாய் ஒன்றில், குலையாமல் ஓடிய ஒற்றை அலையின் பின்னால் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் விரைந்தார். அத்தகைய அலைகளுக்கான சமன்பாட்டை 1895-இல் கோர்ட்டவெக், டி விரீஸ் என்ற இருவர் எழுதினார்கள். பல இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வரும் அலைகளுக்கு 1970-களின் நடுவில் நோவிக்கோவ் முதலிய ரஷ்ய அறிஞர்கள் தீர்வு கண்டது இதே மீநீள்வட்டச் சார்புகளால்தான். 1989-இல் நீல் கோப்லிட்ஸ் என்ற அமெரிக்கர், இரகசியச் செய்திகளைப் பூட்டி அனுப்ப மீநீள்வட்ட வளைகோடுகளைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். சோஃபியாவின் வாழ்க்கையை ஆராய்ந்து 1983-இல் நூலாக வெளியிட்ட ஆன் ஹிப்னர் கோப்லிட்ஸ் அவருடைய மனைவியே.

பிரவுன்ஸ்பெர்க் பள்ளி ஆண்டறிக்கையில் யாரும் படிக்காத சில பக்கங்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன, பார்த்தீர்களா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண் மதிப்பெண்ணுக்கு உதவாத ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோபத்தை நான் பட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் ஒருவருக்கும் நன்மை இல்லை. சக ஆசிரியைகளுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன்: தெரியாததை "வராது" என்று சொல்வதில்லை, "எனக்குத் தெரியவில்லை, இருவரும் பார்ப்போம்" என்று சொல்வது.

தலைமைச் சகோதரி அனுமதி தந்திருக்கிறார்கள். வரும் கல்வியாண்டு முதல் மாதத்தின் முதற் சனிக்கிழமை பிற்பகல் கணித அறை திறந்திருக்கும். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகளுக்கு மட்டுமே அங்கே இடம். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, சிவப்பு மையும் இல்லை. தனியாக வரத் தயங்குகிறவர்கள் தோழியையும் அழைத்து இரண்டு பேராக வாருங்கள். பள்ளியை முடித்துக் கல்லூரியில் இருப்பவர்களும் வரலாம்.

அந்த மாணவியின் தங்கை இப்போது நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஆகவே இந்த மலர் அந்த வீட்டுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். உன் நான்கு தாள்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றனம்மா. சுழியத்தை அடித்துவிட்டேன். நான்காம் தாளில் கடைசி வரிக்குக் கீழே இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. வந்து உட்கார், அங்கிருந்து தொடங்குவோம்.